கவிழ்த்து வைத்த துரும்பு: ஷரஃபியாவில் இருவர் ஆடும் முந்நூற்று நாலு

சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் ஷரஃபியா என்றொரு பகுதி உண்டு. வெள்ளிக்கிழமை மாலையில் அதன் தெருக்களில் நிற்பவருக்கு, தாம் அரபு நாட்டில் நிற்கும் எண்ணமே தோன்றாது. கேரளத்து உணவகங்கள், ஊருக்குப் பொதி அனுப்பும் கடைகள், எங்கும் மலையாளப் பேச்சு, இடையிடையே தமிழ். இப்பகுதியில் என் கணவரும் நானும் 2016ஆம் ஆண்டு முதல் ஒன்றாகக் குடியிருக்கிறோம். இரவுணவுக்குப் பின் எங்களிடையே நடைபெறும் ஓர் ஆட்டத்தைப் பற்றியதே இக்கட்டுரை. சீட்டாட்டத்தைப் பற்றி எழுதுவதா ஓர் ஆசிரியையின் வேலை என்று சில வாசகர்கள் முகஞ்சுளிக்கக் கூடும். முற்றாக வாசித்த பின்னர் தீர்ப்புக் கூறுமாறு அவர்களை வேண்டுகிறேன்.

முந்நூற்று நாலு எம்மவர் நன்கறிந்த ஆட்டம். ஆயினும் அது எங்கள் ஊரில் ஆண்களின் ஆட்டமாகவே இருந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது நாங்களும் பெயர்ந்தோம். ஒரு பாடசாலையின் வகுப்பறையொன்றில் ஆறு குடும்பங்கள் தங்கியிருந்தோம். இரவானால் ஆண்கள் நால்வர் ஜாம் போத்தல் விளக்கைச் சூழ அமர்ந்து ஆடுவர். பெண்களாகிய நாம் பிள்ளைகளை உறங்கவைத்தபடி பார்த்திருப்போம். கேள்வி கேட்பதும் துரும்பு வைப்பதும் அவர்கள் காரியம். பட்டதாரி ஆசிரியையான எனக்கும் அந்தப் பாயில் இடமில்லை. நானும் அதைக் கேட்டதில்லை.

1998இல் கணவர் ஜித்தாவுக்குத் தொழில் தேடிச் சென்றார். பின்வந்த பதினெட்டு ஆண்டுகளில் அவர் ஊரில் வந்து நின்ற நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது. வன்னிக்கு இடம்பெயர்ந்து, 2009இல் மெனிக் பாம் முகாமின் முள்வேலிக்குள் நானும் மகளும் இருந்தபோதும் அவர் ஷரஃபியாவிலேயே இருந்தார். மகள் மணமாகிச் சுவிஸ் நாட்டுக்குச் சென்ற பின்னர், நான் பணியிலிருந்து விலகி இங்கு வந்து சேர்ந்தேன்.

வந்த முதல் மாதங்களில் நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. பதினெட்டு ஆண்டுகள் பிரிந்திருந்த கணவனுக்கும் மனைவிக்கும் பேசுவதற்கு ஒன்றுமே இருப்பதில்லை. சாப்பாடு, மகளின் தொலைபேசி அழைப்பு, வாடகை. அதற்கப்பால் குளிரூட்டியின் இரைச்சல் மட்டுமே கேட்கும். ஒருநாள் இரவு அவர் அலுமாரியிலிருந்து பழைய கடதாசிக் கட்டொன்றை எடுத்துவந்து, "இஞ்சேரும், முந்நூற்று நாலு தெரியுமெல்லே?" என்றார். "பாத்திருக்கிறன், விளையாடினதில்லை. அதுக்கு நாலு பேர் வேணுமே" என்றேன். "ரெண்டு பேரும் விளையாடலாம், இரும்" என்றார்.

அறியாதோருக்காக ஆட்டத்தின் முறையைச் சுருங்கக் கூறுகிறேன். ஐம்பத்திரண்டு தாள்களில் 2 முதல் 6 வரையுள்ள இருபதையும் நீக்கினால் 32 தாள்கள் எஞ்சும். இவற்றுள் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுந்தாள்கள். ஓர் இனத்துக்கு 76 புள்ளியாக நான்கு இனத்துக்கும் 304 வரும். தாள்களின் வலிமையும் இதே வரிசைதான். ராசாவையும் ராணியையும் வெறும் ஒன்பது வெல்லும் என்பதே இவ்வாட்டத்தின் வேடிக்கை.

எங்கள் வீட்டில் இருவர் ஆடும் முறை இது. முதலில் ஆளுக்கு நாலு தாள் பகிர்வோம். அதைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். பாதிப் புள்ளி 152 ஆதலால் கேள்வி 160இல் தொடங்கும். கூடக் கேட்டவர் தமக்கு விருப்பமான இனத்தில் ஒரு தாளைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். அது என்ன இனம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பின்னர் கைக்கு இன்னும் நாலு தாள். மீதி எட்டையும் ஒவ்வொருவர் முன்னும் இரண்டிரண்டாக நாலு இடத்தில் வைப்போம். மேல்தாள் நிமிர்ந்தும் அடித்தாள் கவிழ்ந்தும் இருக்கும். மேல்தாள் ஆடப்பட்டதும் அடித்தாளைத் திருப்புவோம். கேட்ட இனம் கையில் இல்லாதபோது துரும்பால் வெட்டலாம்.

கணக்குக்குப் புளியங்கொட்டை. 160 கேட்டு வென்றால் ஒன்று கிடைக்கும், தோற்றால் இரண்டு கொடுக்க வேண்டும். 200 கேட்டால் வெற்றிக்கு இரண்டு, தோல்விக்கு மூன்று. காசு வைத்து நாங்கள் ஆடுவதில்லை. சீட்டால் அழிந்த குடும்பங்களை எம்மவரிடையே நானும் கண்டிருக்கிறேன். குற்றம் பந்தயத்தினுடையது, தாளினுடையதன்று.

இவ்வாட்டத்தின் சுற்றத்தார் எங்கள் தெருவிலேயே இருப்பதைப் பின்னரே அறிந்தேன். அயலிலுள்ள மலையாளிகள் ஆடுவது இருபத்தெட்டு. அங்கும் ஜாக்கே முதல், ஒன்பதே அடுத்தது. ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நான்கு இனத்துக்கும் 28. தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிவிடுவது கேரளத்து வழக்கம். சவூதி மக்கள் விரும்பி ஆடும் பலூத்திலும் 32 தாள்களே. துரும்பு வைத்து ஆடும்போது அதிலும் துரும்பு ஜாக்கும் ஒன்பதும் மற்றெல்லாவற்றையும் வெல்லும். 2018இல் றியாத் நகரில் அரச ஆதரவுடன் பலூத் போட்டியே நடைபெற்றது.

இதைத் தொலைபேசியில் மகளுக்குச் சொன்னபோது அவள் வியந்தாள். சுவிஸ் மக்கள் ஆடும் யாஸ் என்னும் ஆட்டத்திலும் துரும்பு ஜாக்கும் துரும்பு ஒன்பதுமே தலைமைத் தாள்களாம். ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் அப்படியே. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் ஸ்கோப்பனும் கிளாவரும் தாம் எங்கள் வாயில் இஸ்கோப்பனும் கலாவரையும் ஆயின. ஐரோப்பாவில் அகதியாய் வாழும் எம் பிள்ளைகள், அயல்வீட்டுக்காரரின் சீட்டுக் கட்டைப் பார்த்துக் கூச்சப்படத் தேவையில்லை. அது எங்கள் ஆட்டத்தின் ஒன்றுவிட்ட சகோதரமே.

நால்வர் ஆட்டத்தில் எதிரே இருப்பவர் நம் கூட்டாளி. இருவர் ஆட்டத்திலோ எதிரே இருப்பவரே எதிராளி. கணவனை எதிராளியாகக் கொண்டு ஆடினால் குடும்பம் என்னாவது என்று நானும் முதலில் அஞ்சினேன். நிகழ்ந்ததோ வேறு. வெல்ல வேண்டுமெனில் அவர் எதைக் கேட்கிறார், எங்கே தயங்குகிறார், எதை மறைக்கிறார் என்று நான் பார்க்க வேண்டியிருந்தது. அதுவரை நான் அவரை அவ்வளவு கவனித்துப் பார்த்ததேயில்லை. அவரும் என்னைப் பார்த்ததில்லை.

அதன் பயன் 2020இல் தெரிந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நோய்த் தொற்றுக் காரணமாக ஜித்தாவில் நாள் முழுவதும் ஊரடங்கு. காலை முதல் இரவு வரை எங்களுக்குக் கடதாசிதான் துணை. கணவர் துணிந்து கேட்பவர்; ஒரு ஜாக்கும் பத்தும் இருந்தாலே 200 கேட்டுத் தோற்பவர். அத்தகையவர் சில வாரங்களாக 160க்கே 'விட்டேன்' என்று கூறலானார். ஒருநாள் அவர் விட, நான் 160இல் ஆட்டத்தை ஏற்றேன். ஆடும்போது அவர் கையிலிருந்து இஸ்கோப்பன் ஜாக், ஒன்பது, ஆசு மூன்றும் வந்தன. நான் தாள்களைக் கீழே வைத்துவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, இது மூண்டும் முதல் நாலிலேயே வந்ததோ?"

"ஓம்."

"பிறகேன் விட்டனீங்கள்?"

"தோத்தால் மூண்டு குடுக்கவேணுமெல்லே."

"புளியங்கொட்டைதானே?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "மூண்டு மாசமாய் அரைச் சம்பளம். உமக்குச் சொல்லேல்லை" என்றார்.

வளைகுடா வாழ்வை அறியாத வாசகர்களுக்கு ஒன்று கூற வேண்டும். 2017 ஜூலை முதல் சவூதி அரசு, வெளிநாட்டுத் தொழிலாளருடன் தங்கியுள்ள குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 றியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் நூறு கூடி, 2020 ஜூலையில் அது 400 ஆயிற்று. 2020இல் வதிவிட அனுமதி புதுப்பிக்கையில் ஓராண்டுக்கு உரிய 4800 றியாலையும் முற்பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. இதனால் குடும்பங்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனிமையானோர் பலர். விமானம் ஓடத் தொடங்கியதும் என்னையும் அனுப்பிவிட என் கணவர் தமக்குள் முடிவு செய்திருந்தார். அதுவே அவர் கவிழ்த்து வைத்திருந்த துரும்பு.

நான் சினக்கவில்லை. "பதினெட்டு வருசம் நீங்கள்தான் கேட்டீங்கள், நான் விட்டனான். இந்தமுறை நான் கேக்கிறன்" என்றேன். அன்றிரவே அந்த மேசையில் தாள்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கெழுதினோம். இரண்டறை வீட்டை விட்டு ஒற்றை அறைக்கு மாறினோம். கட்டணத்துக்கு என் காப்புகளுள் ஒன்று போயிற்று. சம்பளம் மறுபடி முழுமையாக வரப் பல மாதங்கள் சென்றன. நான் ஊருக்குச் செல்லவில்லை.

போர் எங்கள் குடும்பங்களை நிலத்தால் பிரித்தது. தொழில் எங்களைக் கடலால் பிரித்தது. மீண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தபின்னரும் பிரிந்தே இருக்கும் தம்பதியர், இப்பத்திரிகையை வாசிப்போருள் பலர் இருப்பர். 'நான் சுமக்கிறேன், அவளுக்கு ஏன் தெரிய வேண்டும்' என்று கணவனும், 'அவர் மனம் நோகும், ஏன் சொல்ல வேண்டும்' என்று மனைவியும் ஆளுக்கொரு தாளைக் கவிழ்த்து வைத்திருப்பர். அதை அன்பென்றே இருவரும் நம்புவர். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன்.

அவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. ஒரு கடதாசிக் கட்டில் இருபது தாள்களை நீக்கிவிட்டு எதிரெதிரே அமருங்கள். முதற் கேள்வியை மனைவி கேட்கட்டும். தோற்றால் போவது புளியங்கொட்டைதான்.