குதிரைமேல் ஒரு பாட்டு

அமெரிக்கச் சலனப்படங்களிலே 'வெஸ்டர்ன்' என வழங்கும் வகை ஒன்று உண்டு. அவ்வகையினுள்ளும் 1935ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறந்து விளங்கிய கிளை, பாடும் கௌபோய்ப் படங்களாகும். கதாநாயகன் குதிரைமீது வருவான். கள்வரைத் துரத்திப் பிடிப்பான். பிடித்த கையோடு கிற்றார் வாத்தியத்தை எடுத்து இனிய குரலிற் பாடுவான். அவனுடைய சட்டை கசங்குவதில்லை; தொப்பி விழுவதுமில்லை. இதனைக் கண்டு நகைப்பது எளிது. ஆயினும் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை முதலிய ஊர்களில் வயலையும் மாட்டையும் அறிந்து வாழ்ந்த மக்களுக்கு இப்படங்களிலே நகைப்புக்கு அப்பாலும் ஒரு பொருள் உண்டு.

மாடு மேய்ப்பவன் ஏன் பாடவேண்டும்? இக்கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்ந்தபொழுது டெக்சஸ் மாநிலத்தில் மாடுகள் மலிந்து கிடந்தன. அவற்றை நல்ல விலைக்கு வாங்குவோரோ வடக்கே இருந்தனர். 1867இல் கன்சஸ் மாநிலத்து அபிலீன் என்னும் ஊரில், புகையிரதப் பாதையை ஒட்டி, பெரியதொரு மாட்டுச் சந்தை திறக்கப்பட்டது. ஈராயிரம் மாடுகள் கொண்ட மந்தையைப் பத்துப் பன்னிரண்டு பேர் குதிரைமீதிருந்து சாய்த்துக்கொண்டு, நாளொன்றுக்குப் பத்து அல்லது பதினைந்து மைல் வீதம், மாதக்கணக்கில் நடத்திச் சென்றனர். பகற்பொழுதைக் காட்டிலும் இரவே அவர்கள் அஞ்சிய பொழுது. ஓர் இடிமுழக்கம், ஒரு சுள்ளி முறியும் ஓசை போதும். படுத்திருக்கும் மந்தை முழுவதும் ஒரே கணத்தில் எழுந்து வெறிகொண்டு ஓடும். அந்த ஓட்டத்தின் குறுக்கே அகப்பட்ட குதிரையும் ஆளும் மிதிபட்டு மாள்வதுண்டு. ஆதலால், காவலர் இருவர் மந்தையை எதிர் எதிர்த் திசையில் மெல்லச் சுற்றிவந்து, தாழ்ந்த குரலில் ஓயாது பாடினர். தேவாலயப் பாட்டு, தாலாட்டு, தெரிந்தது எதுவாயினும் சரி. ஆள் வரும் திசையை மாடு அறிந்துகொள்ளும், இருளில் திடுக்கிடாது. பாட்டு அங்கே பொழுதுபோக்கன்று. கயிற்றையும் சேணத்தையும் போன்ற ஒரு கருவி.

இவ்விடத்தில் நமது களத்து மேட்டை நினையாமல் இருக்க முடியவில்லை. உழவு இயந்திரம் வருமுன்னர், கல்முனைக் கரைக்கு மேற்கேயுள்ள வட்டைகளிலே சூடு மிதித்தது மாடும் எருமையுமே. பெரும்பாலும் இரவு நேரத்தில், பிணைத்த கடாக்கள் கதிர்மீது சுற்றிச் சுற்றி நடக்க, அவற்றின் பின்னே நடப்பவன் பொலிப்பாட்டுப் பாடுவான். மாடு தளராதிருக்கவும், மனிதன் கண்ணயராதிருக்கவும், விளைவு பெருகவும் அந்தப் பாட்டு. அந்தக் களத்திற்கெனத் தனிச் சொற்களும் இருந்தன. வீட்டுப் பேச்சு அங்கே ஆகாது. கன்சஸ் சமவெளியில் மாட்டை உறங்க வைக்கப் பாடினர். நம்மவர் மாட்டை நடக்க வைக்கப் பாடினர். வேறுபாடு அவ்வளவே.

1874இல் முட்கம்பிக்கு உரிமைப் பத்திரம் பெறப்பட்டது. வேலிகள் எழுந்தன; புகையிரதப் பாதைகளும் தெற்கே நீண்டன; இருபதாண்டுக்குள் நெடும்பயண மேய்ப்பு அற்றுப்போயிற்று. தொழில் மறைந்தபின் பாட்டுகளைத் தேடித் திரட்டியவர் ஜோன் லோமாக்ஸ் என்னும் அறிஞர். அவரது தொகுப்பு 1910இல் வெளிவந்தது. ஹொலிவூட் பாடத் தொடங்கியது அதன் பின்னரே.

பேசும்படம் தோன்றிய காலத்திலேயே கென் மெய்னாட் என்பவர் குதிரைமீதிருந்து பாடினார். 1933இல் ஜோன் வெய்ன் பாடுவதாக ஒரு படம் வந்தது. பாடியது வேறொருவர் குரல். பின்னணிப் பாடகர் வழக்கத்திற் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை; அமெரிக்கர்களுக்கு அது ஒட்டவில்லை. தம் குரலிலேயே பாடி வென்றவர் ஜீன் ஓட்ரி. 1907இல் டெக்சஸில் பிறந்து, புகையிரதத் தந்தி நிலையத்திற் பணியாற்றி, பின்னர் சிக்காகோ வானொலியிற் பாடிப் பெயர் பெற்றவர். வானொலி வளர்த்த நட்சத்திரம் என்பதை ஒலிவாங்கியின் முன்னிருந்து சொல்வதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. அவரை அடுத்து வந்த றோய் றொஜர்ஸ் ஒகாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரிற் பிறந்தவர். இயற்பெயர் லெனாட் ஸ்லை. 'ட்ரிகர்' என்னும் அவரது குதிரைக்கும் தனி இரசிகர் கூட்டம் இருந்தது.

இப்படங்கள் மறைத்தவையும் உண்டு. உண்மையான மேய்ப்பரிற் பெருந்தொகையினர் கறுப்பினத்தவரும் மெக்சிக்கோ நாட்டவருமாவர். சுருக்குக் கயிற்றின் பெயரே ஸ்பானிய மொழி தந்தது. திரையிலோ நாயகன் எப்பொழுதும் வெள்ளையன். 1937இல் ஹேர்ப் ஜெஃப்றீஸ் நாயகனாக நடித்த கறுப்பினத்தவர் படம் ஒன்று அந்த வழக்கத்தை மீறியது.

ஆனால் அவை மறைக்காத ஒன்றும் உண்டு. அது தண்ணீர். ஓட்ரி நடித்து 1936இல் வந்த 'றெட் றிவர் வாலி' என்னும் படத்தின் கதை, அணைக்கட்டு வேலையைக் கெடுக்கும் சதியைப் பற்றியது. 1938இல் றொஜர்ஸ் முதன்முதல் நாயகனான 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' படத்தில், வறட்சியில் வாடும் மக்களுக்கு நீர் பெற்றுத்தர அவர் காங்கிரஸ் சபைக்கே செல்கிறார். மறு ஆண்டில் ஓட்ரியும் வெள்ளத் தடுப்புச் சட்டத்திற்காக அவ்வாறே செல்கிறார். புழுதிப் புயலால் நிலமிழந்து நின்ற சிற்றூர் மக்களுக்காக எடுக்கப்பட்ட மலிவான படங்கள் அவை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, சேனாநாயக்க சமுத்திரம் எழுந்து, எவருடைய வயலுக்கு எவ்வளவு நீர் என்ற கேள்வி வீட்டு வாசலுக்கு வந்ததைக் கண்ட கரையோரத்து விவசாயிக்கு அக்கதைகள் அந்நியமாகத் தோன்றா. படத்தில் வழக்கு எழுபது நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதுதான் பொய்.

தமிழ்த் திரையில் இவர்களுக்கு ஒப்பானவர் யார்? குதிரையும் துப்பாக்கியும் வேண்டுமாயின், 1970களில் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' ஆகியவற்றைச் சொல்லலாம். அவை இத்தாலியப் படங்களின் வழித்தோன்றல்கள். என் கருத்தில், உண்மையான உறவு 1970இல் வெளிவந்த 'மாட்டுக்கார வேலன்' படத்துக்கே உரியது. ஓட்ரி தம் நாயகனுக்கு ஒரு நெறி வகுத்தார்: முதலிற் சுடான், குடியான், புகையான், முதியோரிடமும் குழந்தைகளிடமும் விலங்குகளிடமும் கனிவாக இருப்பான். எம். ஜி. ஆர். தம் படங்களில் வளர்த்த நாயகனை இந்நெறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1954இல் றெக்ஸ் அலன் நடித்த படத்தோடு இவ்வரிசை திரையரங்கை விட்டு நீங்கியது. தொலைக்காட்சி அதனை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டது.

முட்கம்பி அங்கே செய்ததை உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் இங்கே செய்தன. போகம் தொடங்க மாடுகளை வயலிலிருந்து மேற்கே ஓட்டிச் செல்லும் பட்டிக்காரர் இன்றும் உளர்; வட்டமடு போன்ற இடங்களில் மேய்ச்சல் தரை எவருக்கு, நெல்வயல் எவருக்கு என்ற பிணக்கும் உண்டு. ஆனால் களத்தில் எருமை இல்லை. எனவே பொலிப்பாட்டும் இல்லை. வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இந்நாட்டுப் பாடல்களைப் பேணியது, நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம் மக்களின் கவிகளைத் திரட்டினார். அச்சிற் சொற்கள் உள்ளன. அவற்றின் மெட்டையும், இடையிடையே மாட்டை அதட்டும் குரலையும் அறிந்தவர்கள் முதியோர்களே. ஒலிப்பதிவுக் கருவி இப்பொழுது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. அடுத்த அறுவடைக்கு முன்னர் அவர்களுள் ஒருவரைச் சென்று பாடச் சொல்லுங்கள்.