'உள்ளூர்' என்னும் சொல்லும் ஒரு டெண்டர் படிவமும்

'நம்ம ஊர்ப் பணம் நம்ம ஊர்க்காரங்களுக்கே போகணும்.' பன்னாட்டு மூலதனத்தை எதிர்க்கும் தோழர்கள் இதைச் சொல்கிறார்கள். மண்ணின் மைந்தர் அரசியல் பேசுவோரும் இதையேதான் சொல்கிறார்கள். எதிரெதிர் முகாம்கள் ஒரே சொல்லைக் கையாளும்போது அதைக் கட்டவிழ்த்துப் பார்ப்பது அவசியமாகிறது. அதற்கு அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் காண்ட்ராக்ட் விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். இலக்கியப் பத்திரிகையில் டெண்டர் எதற்கு என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். அதிகாரம் சொற்களுக்கு வேலி போடுகிற இடங்களில் டெண்டர் படிவமும் ஒன்று.

அங்கே சமுதாயக் கல்லூரி என்பது பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் பொதுக் கல்லூரி. கூலிவேலை செய்பவரும் குடியேறி வந்தவரும் படிப்பது அங்கேதான். கலிஃபோர்னியாவில் இவற்றை மக்கள் தேர்ந்தெடுத்த குழுக்கள் நிர்வகிக்கின்றன. கட்டடம் கட்ட அந்த வட்டாரத்தார் வாக்களித்துக் கடன் பத்திரம் வெளியிடுவார்கள். தங்கள் சொத்துவரியிலிருந்தே அடைப்பார்கள். ஒன்பது கல்லூரிகள் கொண்ட லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரி மாவட்டத்தில் 2001, 2003, 2008 ஆகிய மூன்று வாக்கெடுப்புகளில் மட்டும் ஐந்நூறு கோடி டாலருக்கு மேல் இப்படி ஒப்புதலானது. வரி கட்டுகிறவன் 'எங்களுக்கு என்ன வேலை வந்துச்சு?' என்று கேட்பது இயல்புதான்.

ஆனால் சட்டம் வேறு பாஷை பேசுகிறது. குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய கட்டுமான வேலைகள், தகுதியுள்ளவர்களில் ஆகக் குறைந்த விலை கேட்டவருக்கே போகவேண்டும். ஊழலைத் தடுக்க வந்த விதி என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் விலை என்ற ஒற்றை எண் நடுநிலையானது என்பதும் ஒரு கட்டமைப்புதான். குறைந்த விலை கேட்பது பெரிய கம்பெனிக்குத்தான் கட்டுப்படியாகும்.

இதற்கு மாற்றாக அமெரிக்க நகரங்களும் மாவட்டங்களும் கண்ட வழி உள்ளூர் முன்னுரிமை. இதன் கணக்கு எளியது. வெளியூர்க் கம்பெனி 1,00,000 டாலர் கேட்கிறது. உள்ளூர்க் கம்பெனி 1,04,000 கேட்கிறது. சலுகை 5 சதவீதம் என்றால், ஒப்பிடும்போது மட்டும் உள்ளூர் விலையில் 5,000 கழித்து 99,000 என்று வைப்பார்கள். வேலை உள்ளூருக்கு. கொடுப்பதோ 1,04,000தான். கூடுதல் 4,000 பொதுப்பணம்.

சரி, உள்ளூர்க்காரன்னா யாரு? முகவரி உள்ளவனா, குடியிருந்து உழைப்பவனா? முகவரி போதும் என்றால் வெளியூர் முதலாளி ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டிவிடலாம். வேலைக்கு ஆளை எங்கிருந்தும் கொண்டுவரலாம்.

தொழிலாளியை வைத்து வரையறுக்கவும் முயன்றிருக்கிறார்கள். நகரப் பணத்தில் நடக்கும் கட்டுமானத்தில் பாதி ஆட்களாவது நகரவாசிகளாக இருக்கவேண்டும் என்றது பாஸ்டன். சந்தையில் தானும் ஒரு வாடிக்கையாளராக இறங்கும் நகராட்சிக்கு அந்த உரிமை உண்டு என்று 1983இல் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. மறு ஆண்டே, கேம்டன் நகரத்தின் 40 சதவீத விதியில், வெளிமாநிலத் தொழிலாளியின் பிழைக்கும் உரிமை குறுக்கே வருகிறது, விலக்குவதற்குத் தக்க காரணம் வேண்டும் என்றது. அந்த உரிமை ஷரத்து குடிமக்களுக்கானது. கம்பெனியை அது குடிமகனாகக் கருதுவதில்லை. ஆக, இந்த ஷரத்தைப் பொறுத்தவரை, கம்பெனியின் முகவரியை வைத்துச் சலுகை தருவது சுலபம், தொழிலாளியின் வீட்டை வைத்துத் தருவது சிக்கல்.

இன்னும் கூர்மையான இடம் ரிச்மண்ட். மக்கள்தொகையில் பாதிப்பேர் கறுப்பர்; நகரத்தின் நேரடிக் காண்ட்ராக்டுகளில் சிறுபான்மையர் கம்பெனிகளுக்குக் கிடைத்தது 0.67 சதவீதம். காண்ட்ராக்ட் தொகையில் 30 சதவீதத்தைச் சிறுபான்மையர் கம்பெனிகளுக்குத் துணைக் காண்ட்ராக்டாகத் தரவேண்டும் என்று 1983இல் நகர மன்றம் விதித்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1996இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் பொதுக் காண்ட்ராக்டில் இனம், பாலினம் பார்த்துச் சலுகை தருவதையே தடை செய்தார்கள். நிறத்தைப் பேச முடியாது, இடத்தைப் பேசலாம். சொல்லக்கூடாததை 'உள்ளூர்' சுமக்கத் தொடங்கியது.

இடமோ வெறும் நிலப்பரப்பு இல்லை. 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களில் கறுப்பர் குடியிருப்புகள் கடனுக்குத் தகாதவை எனச் சிவப்பு பூசப்பட்டன. நிறத்தால் பிரிக்கப்பட்ட நிலத்தில் உள்ளூர் முன்னுரிமை இரண்டு விதமாக வேலை செய்யும். கறுப்பர் வட்டாரத்தில் அது பறிக்கப்பட்டதை ஓரளவு மீட்டுத் தரும். வெள்ளையரின் வசதியான புறநகரில் அதே விதி, அதே வாசகம், வேலியை உயர்த்தும்.

நமக்கு இது புரியாத விஷயமில்லை. 'ஊர்' என்று சொல்லும்போதே சேரியை வெளியே நிறுத்திவிடுகிற மொழி நம்முடையது. எனவே உள்ளூர் முன்னுரிமையைக் கண்ணைமூடி ஆதரிக்கவோ குறுகிய மனம் என்று ஒதுக்கவோ நான் தயாரில்லை. அந்த எல்லையை யார் வரைந்தது, சலுகை முகவரிக்கா உழைப்புக்கா, கூடுதல் பணம் எந்தத் தெருவரைக்கும் போய்ச் சேருது என்று கேட்கச் சொல்கிறேன். கோஷத்தை எழுதுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.