குருத்தோலையும் கோலமாவும்: கைவினையும் ஒரு திருத்தொண்டே

மலாக்காவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பலர் முதலில் நாடிச் செல்வது ஜோங்கர் சாலையைத்தான். பழைய கடைவீடுகளுக்குள் சின்னஞ்சிறு காப்பிக் கடைகள், பூ வேலைப்பாடு கொண்ட தரையோடுகள், நடுவே வானம் பார்த்த முற்றம், அலமாரியில் வண்ண மணிகள் கோத்துச் செய்த பெரானாக்கான் செருப்புகள் என்று எங்கு நோக்கினும் கண்ணுக்கு விருந்து. ஒரு கோப்பைக் காப்பியை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்து மகிழ்பவர்களை அங்கே காணலாம். அவர்கள் காசு கொடுப்பது காப்பிக்கு மட்டுமன்று. மனிதக் கை பட்டுச் செய்த பொருள்களின் நடுவே சற்று அமர்ந்திருக்கும் மனநிறைவுக்கும் சேர்த்துத்தான்.

இந்த இன்பம் நமக்குப் புதியதா? நம் வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் தலைமுறை தலைமுறையாக இருந்து வருவதுதானே! அதை நாம் இன்னும் எவ்வளவு காலம் வைத்திருக்கப் போகிறோம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

கைவினைஞர் பெயர் தாங்கிய தெருக்கள்

ஜோங்கர் சாலைக்கு அடுத்த தெருவில் அமைந்துள்ளது அருள்மிகு ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம். டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில், மலாக்கா செட்டி சமூகத் தலைவரான தெய்வநாயகம் செட்டி பெற்ற நிலத்தில் 1781ஆம் ஆண்டு எழுந்த இத்திருக்கோயில், மலேசியாவின் மிகப் பழைமையான இந்து ஆலயங்களுள் ஒன்று. இது அமைந்துள்ள தெருவின் பெயர் ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு. அதன் தொடர்ச்சியாக இருப்பது ஜாலான் துக்காங் பெசி, இரும்புக் கொல்லர் தெரு. விநாயகர் ஆலயம், கம்போங் கிளிங் பள்ளிவாசல், செங் ஹூன் தெங் சீனக் கோயில் ஆகிய மூன்றும் அருகருகே நிற்கும் இப்பகுதி கைவினைஞர்களின் பெயரால் இன்றும் அழைக்கப்படுவது சிந்திக்கத்தக்கது. 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலங்களாக அறிவித்தது. கட்டடங்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அவற்றை அழகுபடுத்திய கைகளை யார் பாதுகாப்பது?

காஜா பேராங்கில் வாழும் மலாக்கா செட்டி மக்களைப் பாருங்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் வாணிகம் செய்ய வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டு மொழி மலாயாகிவிட்டது. பெண்களின் உடை கெபாயாவும் சாரோங்கும் ஆகிவிட்டன. ஆயினும் நிலைவாசலில் மாவிலைத் தோரணம் தொங்குகிறது. பொங்கலும் முன்னோர் படையலும் தவறுவதில்லை. மொழி மாறிய பிறகும் கை மறக்கவில்லை என்பது நாம் மனத்திற்கொள்ள வேண்டிய பாடம்.

கைத்தொழிலால் பேறு பெற்ற அடியார்கள்

நம் சமயம் கைவினையை ஒருபோதும் தாழ்வாகக் கருதியதில்லை. அறுபத்துமூன்று நாயன்மார்களுள் திருநீலகண்டர் குயவர்; அடியார்களுக்குத் திருவோடு செய்தளித்தார். நேச நாயனார் நெசவாளர். நெய்த ஆடையை அடியார்க்கு வழங்கினார். திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனாரோ வைகறையில் மலர் கொய்து, இண்டை, கண்ணி, பிணையல் என வகைவகையாகத் தொடுத்து இறைவனுக்குச் சூட்டினார். அறுபத்து நான்கு கலைகளின் வரிசையிலும் மாலை தொடுத்தலும், அரிசியாலும் மலராலும் தரையை அழகு செய்தலும் இடம் பெற்றுள்ளன. பொருள் கொடுப்பது தொண்டு. கை வேலை கொடுப்பதும் தொண்டே.

கோலத்தில் ஒளிந்திருக்கும் கணக்கு

நம் பெண்கள் காலையில் விளையாட்டுப் போல் இழுக்கும் சிக்குக் கோலத்தைச் சற்று உற்று நோக்குங்கள். முதலில் புள்ளிகள். பின்னர் எந்தப் புள்ளியையும் தொடாமல், ஒவ்வொன்றையும் சுற்றி வளைத்து, இறுதியில் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும் கோடு. சில கோலங்கள் ஒரே இழையில் முடியும். சிலவற்றுக்கு இரண்டு மூன்று இழைகள் வேண்டும். வளைவு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு விதி உண்டு. அந்த விதியைக் கை அறிந்திருக்கிறது. வாயால் சொல்லச் சொன்னால் பலருக்குத் தெரியாது.

இந்த விதிகளை ஆராய்ந்தவர்களுள் முன்னோடியானவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் கிப்ட் சிரோமணி. 1970களில் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் கோலங்களுக்கு ஓர் இலக்கணம் வகுத்து, அதனைக் கணினி அறிவியல் ஆய்வேடுகளில் வெளியிட்டனர். படிக்காதவர் எனப்பட்ட பாட்டிமார் வாசலில் போட்டது உயர்ந்த கணக்கு என்பதை உலகம் அப்போது உணர்ந்தது. அரிசி மாவால் இட்ட கோலம் எறும்புக்கும் குருவிக்கும் உணவாகிறது. அழகும் அறமும் ஒரே பிடி மாவில் அடங்கியிருப்பது நம் மரபின் சிறப்பு.

குருத்தோலைத் தோரணம்

அடுத்தது தோரணம். தென்னையின் உச்சியில் இன்னும் விரியாத இளமஞ்சள் குருத்தை எடுத்து, ஈர்க்கிலிருந்து ஓலையைப் பிரித்து, கீறி, மடித்துக் கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். மடிப்பில் உருவாகும் வடிவத்துக்குக் 'குருவி' என்று பெயர். மங்கலத் தோரணத்தில் நான்கு குருவிகள், அமங்கலத் தோரணத்தில் மூன்று என்பது மரபு. தூரத்திலிருந்தே, இது என்ன வீடு என்று வருகிறவர் அறிந்துகொள்வார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தென்னைக்கு வளரும் முனை ஒன்றுதான். குருத்தை எடுப்பவர் அளவறியாமல் ஆழ வெட்டினால் மரமே பட்டுப்போகும். எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அனுபவசாலியின் கைக்குத்தான் தெரியும். மிஞ்சிய ஓலையில் பிள்ளைகளுக்குக் காற்றாடி, பீப்பி, கைக்கடிகாரம், பாம்பு செய்து கொடுப்பார்கள். விளையாட்டாகவே அடுத்த தலைமுறைக்கு அந்தக் கலை இறங்கியது. இதே இளம் ஓலையில்தான் நம் மலாய் அண்டை வீட்டார் பெருநாளுக்குக் கெத்துப்பாட் கூடு பின்னுகிறார்கள். ஒரே ஓலை, இரு சமூகங்களின் திருநாளை அலங்கரிக்கிறது.

தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

1896ஆம் ஆண்டு தான் சே யான் என்னும் சீனப் பெருந்தகை புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதும், பின்னர் அது புக்கிட் அசகானுக்கு விரிந்ததும் மலாயா வரலாற்றில் புகழ்பெற்ற செய்திகள். அதன்பின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டங்கள் பெருகின. நம் மக்கள் பால்மரக் காட்டில் உழைத்தனர். லயத்து மக்கள் வசதியற்றவர்கள். ஆனால் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் மூங்கில் பிளந்து பந்தல் போடுவதும், வாழைமரம் கட்டுவதும், தோரணம் பின்னுவதும், காவடி சோடிப்பதும் அவர்கள் கைகளே. வாங்கிய பொருள் குறைவு. செய்த பொருள் அதிகம்.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. குடும்பங்கள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. அங்கே தென்னை இல்லை. கோலம் போட மண் வாசலும் இல்லை. தோரணம் பின்னத் தெரிந்த பெரியவர் மூன்றாம் மாடியில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே பேரப்பிள்ளை கடையில் நெகிழித் தோரணம் வாங்கி வருகிறான்.

நெகிழித் தோரணம் வாங்குவோரைக் குறைசொல்வதற்கில்லை. அது மலிவு, அடுத்த ஆண்டுக்கும் ஆகும், வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரமும் மிச்சம். குருத்தோலையோ ஓரிரு நாளில் வாடிவிடும். ஆனால் வாடுவதே அதன் பெருமை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் புதிதாகப் பின்ன வேண்டியிருப்பதால்தான் ஒவ்வோர் ஆண்டும் பெரியவரும் சிறியவரும் ஒன்றாக அமர வேண்டியிருக்கிறது. வாடாத தோரணம் வந்த நாளில் அந்த அமர்வு நின்றுபோகிறது. அமர்வு நின்றால் கலையும் நிற்கும்.

நன்கொடையாளர்கள் செய்யக்கூடியது

அழியும் கலையை மீட்க முடியுமா? முடியும். செட்டிநாட்டில் நகரத்தார் வீட்டுச் சீர்வரிசைகளில் இடம்பெறும் பனையோலைக் கொட்டான் மறைந்துபோகும் நிலையிலிருந்து முயன்று மீட்கப்பட்டு, இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. மீட்டவர்கள் செய்தது எளிது: தெரிந்த முதியவர்களைத் தேடிப்பிடித்தார்கள், இளையவர்களுக்குக் கற்பித்தார்கள், செய்த பொருளுக்கு நியாயமான விலை கிடைக்க வழி செய்தார்கள்.

நாமும் அவ்வாறே தொடங்கலாம். அன்னதானத்திற்கும் அபிஷேகத்திற்கும் மாலைக்கும் உபயம் ஏற்கும் அன்பர்கள், தோரணத்திற்கும் கோலத்திற்கும் ஓர் உபயம் ஏற்கலாம். அத்தொகை பின்னும் பெரியவரின் கைக்கூலியாகவும், கற்கும் பிள்ளைகளின் சிற்றுண்டியாகவும் பயன்படட்டும். கோயில் வளாகத்தில் நான்கு தென்னைகளுக்கு இடமிருந்தால் நட்டு வைக்கலாம். எல்லா வாசலுக்கும் இயலாவிட்டாலும், மூலவர் சன்னிதி வாசல் ஒன்றிலாவது குருத்தோலை தொங்கட்டும்.

பிற நாட்டார் மலாக்காவுக்கு வந்து, கைவினை அழகைக் கண்டு களித்து, காசு கொடுத்து வாங்கிச் செல்கிறார்கள். அவ்வழகு நம் கைகளிலேயே இருக்கிறது. இவ்வாண்டுத் திருவிழாவுக்கு முன் வீட்டிலுள்ள பெரியவரிடம் ஓர் ஓலையை நீட்டுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்துங்கள். வேழமுகத்து விநாயகன் அருளால் நம் கைகள் கலை மறவாது வாழ்வனவாகுக.