சுழற்கலப்பை கோணி ஓடுவது ஏன்?

நுகம் கோணினால் சால் கோணும் என்பதை நம் உழவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. மாடுகளின் கழுத்தில் நுகத்தடி சமமாக அமர்ந்துள்ளதா என்று பார்த்த பின்னரே முதல் சாலை ஓட்டுவது நம் முன்னோர் வழக்கம். அதே கவனம் டிராக்டரின் பின்னே பூட்டப்படும் கருவிகளுக்கும் இன்றியமையாதது. ஆயினும் இயந்திரத்தைப் பூட்டுங்கால் முளையைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

ரோட்டவேட்டர் என்று பலரும் வழங்கும் சுழற்கலப்பை இன்று ஊர்தோறும் ஓடுகிறது. ஆஸ்திரேலிய நாட்டில் கில்காண்ட்ரா என்னும் ஊரின் அருகே, ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்டு என்ற உழவர் மகன் 1912-ஆம் ஆண்டில் செய்த சோதனைகளிலிருந்து உருவானது இக்கருவி. சிறிய டிராக்டர்களில் இதனைப் பூட்டி ஓட்டும்போது சில குறைகள் தோன்றுவதுண்டு. ஒரு பக்கம் மண் ஆழமாகப் புரளும்; மறுபக்கம் மேலாகச் சுரண்டப்படும். டிராக்டர் ஒரு புறமாக இழுக்கும். கலப்பை நடுங்கும், போல்ட்டுகள் அடிக்கடி தளரும், இணைப்புத் தண்டின் கிராஸ் முறியும். உடனே, “கலப்பை கெட்டுவிட்டது” என்று முடிவு செய்து புதிய கத்திகளை வாங்குவோர் பலர். பல நேரங்களில் குற்றம் கலப்பையில் இராது. கலப்பையை டிராக்டருடன் சேர்க்கும் இணைப்பிலேயே இருக்கும். அரை மணி நேரமும் ஓர் அளவு நாடாவும் ஒரு ரசமட்டமும் இருந்தால், உழவரே இதனைக் கண்டறிந்து திருத்தலாம்.

மூன்று முனைகள், மூன்று வேலைகள்

அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் வகுத்த மும்முனை இணைப்பே இன்று உலகெங்கும் வழங்குகிறது. கீழே இரண்டு கைகளும் மேலே டாப் லிங்க் எனப்படும் ஒரு தண்டும் கருவியைப் பற்றி நிற்கின்றன. கீழ்க்கைகளைத் தாங்கும் தூக்குத் தண்டுகள் கருவியின் இட வல மட்டத்தை நிறுத்துகின்றன. டாப் லிங்க் முன் பின் மட்டத்தை நிறுத்துகிறது. பக்கத்துச் செயின்கள் கருவியை நடுவில் வைக்கின்றன. ஆகவே பூட்டும் கோணல் மூன்று வகைப்படும். எந்தக் கோணல் என்று அறிந்தால், எதைத் திருக வேண்டும் என்பது தானே விளங்கும்.

கோணல் சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று. கீழ்க்கைகள் இரண்டுக்கும் இடையே சுமார் 68 செ.மீ. அகலம் இருக்கும். ஒரு கை மற்றொன்றைவிட 2 செ.மீ. தாழ்ந்திருந்தால், 120 செ.மீ. அகலமுள்ள கலப்பையின் ஓரங்களில் அது மூன்றரை செ.மீ. வேறுபாடாகும். ஒரு முனை 12 செ.மீ. ஆழம் உழும்போது மறுமுனை எட்டரை செ.மீ. மட்டுமே உழும். விதை ஒரே ஆழத்தில் விழாமையும், வயலில் நீர் ஒரே சீராகப் பாயாமையும் இதனால் நேரக்கூடும்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

பி.டி.ஓ. இயக்கத்தை விலக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பின்னரே டிராக்டரின் பின்புறம் செல்லுதல் வேண்டும். நெல் உலர்த்தும் சிமெண்டுக் களம் இச்சோதனைக்கு மிகவும் ஏற்ற இடம். கலப்பையைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி, அதன் அடியில் இரு புறமும் உறுதியான மரக்கட்டைகளைத் தாங்கலாக வைக்க வேண்டும். நீரழுத்தத் தூக்கியை மட்டும் நம்பிக் கலப்பையின் அடியில் கையையோ காலையோ நீட்டலாகாது.

வரிசையாகப் பார்க்க வேண்டிய ஆறு இடங்கள்

1. பின் சக்கரங்கள். இரு டயர்களிலும் காற்று ஒரே அளவில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு டயர் தளர்ந்திருந்தால் டிராக்டரே சாய்ந்து நிற்கும்; அந்நிலையில் கலப்பையைத் திருத்துவது வீண் வேலை.

2. இட வல மட்டம். கலப்பைச் சட்டத்தின் இரு ஓரங்களிலிருந்தும் தரை வரை அளக்க வேண்டும். அளவுகள் வேறுபட்டால், தூக்குத் தண்டின் திருகைத் திருப்பிச் சமப்படுத்தலாம். பல டிராக்டர்களில் இத்திருகு வலப்புறத் தண்டில் இருக்கும். பின்னர், ஆழத்தைக் கட்டுப்படுத்தும் பக்கச் சறுக்குச் சட்டங்கள் இரண்டும் ஒரே துளையில் பொருத்தப்பட்டுள்ளனவா என்று காண வேண்டும். இவை துளை மாறியிருப்பது எளிதில் கண்ணுக்குத் தப்பும் குற்றமாகும்.

3. நடு நிலை. பின்னிருந்து நோக்கினால் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டும் கலப்பையின் கியர் பெட்டித் தண்டும் ஒரே நேரில் தெரிதல் வேண்டும். தெரியாவிடில் செயின்களை இறுக்கியும் தளர்த்தியும் நேராக்க வேண்டும். சக்கரத் தடத்தை மறைக்கும் பொருட்டு ஒரு புறம் தள்ளி அமைக்கப்பட்ட கலப்பைகளும் உண்டு. அவற்றில் கலப்பையின் உடலை நடுவுக்கு இழுக்க முயலாமல், தண்டுகளின் நேரை மட்டுமே கவனிக்க வேண்டும். முடிவில் செயின்களில் மிகச் சிறிதளவு ஆட்டமே இருக்கலாம்.

4. முன் பின் மட்டம். கலப்பை உழும் ஆழத்தில் நிற்கும்போது கியர் பெட்டித் தண்டு பி.டி.ஓ. தண்டுக்கு இணையாக இருத்தல் நலம். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் இது தெரியும். டாப் லிங்க்கைக் குறுக்கினால் கலப்பையின் முன்புறம் தாழ்ந்து பின்புறம் உயரும். நீட்டினால் இதற்கு மாறாக நிகழும்.

5. இணைப்புத் தண்டு. இதன் இரு முனைகளிலும் உள்ள ஜாயிண்டுகள் ஒத்த கோணத்தில் நிற்றல் வேண்டும். ஒரு ஜாயிண்டு மட்டும் 30 பாகை வளைந்து மற்றது நேராக நின்றால், பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சீராகச் சுழன்றாலும் கலப்பையில் அவ்வேகம் 468-க்கும் 624-க்கும் இடையே ஏறி இறங்கும். நடுக்கத்துக்கும் கிராஸ் முறிவுக்கும் இது ஒரு முக்கியக் காரணம். தண்டின் நடுப்பகுதியில் உள்ள இரு கவைகளும் ஒரே வாட்டத்தில் அமைந்துள்ளனவா என்றும் காண வேண்டும். கழற்றி மாட்டும்போது இவை மாறிவிடுவதுண்டு. உள் குழலும் வெளிக் குழலும் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றனுள் ஒன்று புகுந்திருத்தல் வேண்டும். ஆனால் கலப்பையைத் தூக்கும்போது அவை முட்டிக்கொள்ளலாகாது. வரப்பில் திரும்பக் கலப்பையை உயரத் தூக்குவதாயின் பி.டி.ஓ.வை நிறுத்திய பின்னரே தூக்க வேண்டும்.

6. முளைகளும் கத்திகளும். சிறிய டிராக்டருக்குரிய கீழ்க்கை முளை 22 மி.மீ. கனமுடையது, அடுத்த பெரிய வகையோ 28 மி.மீ. பெரிய துளையில் சிறிய முளையைச் செருகினால் கலப்பை ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கென உள்ள புஷ் ஒன்றை இடுதல் வேண்டும். கத்திகளில் ஒரு பாதி புதிதாகவும் மறுபாதி தேய்ந்தும் இருந்தால் உழவு சமமாகாது. மேற்கண்ட யாவும் சரியாயிருந்தும் கோணல் நீடித்தால், கையோ சட்டமோ சுழல் அச்சோ வளைந்திருக்கலாம். அப்போதுதான் பட்டறையை நாட வேண்டும்.

பொதுக் கருவிக்குப் பொறுப்பு யாருடையது?

கூட்டுறவுச் சங்கத்தின் அல்லது வாடகை நிலையத்தின் ஒரே சுழற்கலப்பை இன்று ஒருவர் டிராக்டரிலும் நாளை வேறொருவர் டிராக்டரிலும் பூட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் சக்கரம் உயரம். மற்றொன்றின் கை நீளம். முன்னதற்கு அளவாயிருந்த தண்டு பின்னதற்கு நீளமாகி முட்டும், அல்லது குட்டையாகிக் கழன்று விழும். ஆகவே வண்டி மாறுந்தோறும் இந்த ஆறு இடங்களையும் மீண்டும் பார்த்தாக வேண்டும். கலப்பை வைக்கும் கொட்டகையில் ஒரு குறிப்பேடு இருந்தால் இவ்வேலை எளிதாகும். எந்த டிராக்டருக்கு டாப் லிங்க் எவ்வளவு நீளம், தூக்குத் தண்டில் எத்தனை மரை வெளியே தெரிய வேண்டும், எந்தத் தண்டு பொருந்தும் என்பவற்றை ஒருமுறை எழுதி வைத்தால், மறுமுறை பத்து நிமிடத்தில் கலப்பை வயலுக்குப் புறப்படும். இரு வகைப் புஷ்களும் ஓர் அளவு நாடாவும் ஒரு ரசமட்டமும் அங்கேயே இருக்கட்டும். இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

மற்றொன்றையும் ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊராருக்கு உறுதியாகச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ஆழமாக உழவில்லை என்று கண்டதும், பாரத்துக்காக ஓர் ஆளைக் கலப்பையின் மேல் நிற்கச் செய்வதும், சிறுவர்களை ஏற்றி உட்கார வைப்பதும் சில இடங்களில் காணப்படுகின்றன. இது பெருந்தவறு. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. தோளில் கிடக்கும் துண்டின் நுனியோ வேட்டியின் ஓரமோ சுழலும் தண்டில் பட்டால், “நிறுத்து” என்று கூவுவதற்குள் ஆளையே இழுத்துவிடும். கால் தவறிக் கத்திகளின் நடுவே விழுந்தவரை மீட்பதற்கு நேரமே இராது. தண்டின் மேலுள்ள காப்புறை உடைந்திருந்தால், புதியது மாட்டும் வரை அக்கலப்பையை வாடகைக்கு அனுப்பலாகாது.

கோணல் பாரத்தால் தீர்வதன்று, திருகால் தீர்வது. இதனை உணர்ந்து, பூட்டும் முன் அளந்து பார்க்கும் வழக்கம் ஊரில் ஏற்படுமாயின், உழவு சீர்ப்படும். பொதுக் கருவி நெடுநாள் உழைக்கும். காலையில் வயலுக்குச் சென்றவர் மாலையில் நலமுடன் வீடு திரும்புவார்.