புளிப்புக்கு முன் உருளைக்கிழங்கு

புளிக்குழம்பு வைக்கும்போது காய் வெந்த பிறகுதான் புளிக்கரைசலை ஊற்ற வேண்டும் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்போம். முதலிலேயே ஊற்றிவிட்டால் காய் எளிதில் வேகாது. இந்த ஒரு விதி தெரிந்திருந்தால் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பலர் புத்தாண்டு அன்று உண்ணும் உணவையும் நம்மால் சரியாகச் சமைக்க முடியும். புளிக்கவைத்த முட்டைக்கோஸான ‘சவர்கிராவுட்’ அதில் பாதி, இறைச்சி மீதி. அதை இன்று பல வீடுகளில் ‘ஸ்லோ குக்கர்’ என்ற மின்சாரப் பானையில் மணிக்கணக்கில் வேகவிடுகிறார்கள்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் அங்கு ஓராண்டு படித்தபோதுதான் இந்தச் சமையல் எனக்கு அறிமுகமானது. டிசம்பர் விடுமுறையில் பல்கலைக்கழக உணவுக்கூடத்தை மூடிவிடுவார்கள். உள்ளூர் மாணவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். எங்கள் வாடகை வீட்டில் வெளிநாட்டு மாணவர்கள் நால்வர் எஞ்சியிருந்தோம். ஒருவர் ஹலால் உணவு மட்டுமே உண்பவர், இன்னொருவர் சைவம், நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, நான்காமவருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அவரவர் அறையில் அவரவர் நூடல்ஸ் என்று விடுமுறையை ஓட்டியிருக்கலாம். புத்தாண்டு அன்றாவது ஒரே மேசையில், ஒரே பானையிலிருந்து பரிமாறிச் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் விருப்பம். நால்வரும் பணம் போட்டுப் புதிய ஸ்லோ குக்கர் ஒன்றை வாங்கினோம்.

‘டச்சு’ இல்லாத டச்சுக்காரர்கள்

17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஜெர்மன் மொழி பேசும் மக்கள் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள். ‘பென்சில்வேனியா டச்சு’ என்று அழைக்கப்பட்டாலும் அவர்கள் நெதர்லாந்துக்காரர்கள் அல்லர். ‘ஜெர்மன்’ என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள ‘டாய்ச்’ என்ற சொல்லோடு தொடர்புடைய பெயர் அது. அவர்கள் கொண்டுவந்த பழக்கம்தான் புத்தாண்டு அன்று பன்றி இறைச்சியுடன் சவர்கிராவுட் உண்பது. கோழி பின்னோக்கிக் கிளறும், பன்றி முன்னோக்கிக் கிளறும். ஆகவே பன்றி உண்டால் ஆண்டு முன்னேற்றமாக அமையும் என்பது அங்குள்ள நம்பிக்கை.

முதல் உலகப் போரின்போது ஜெர்மனிமீது இருந்த வெறுப்பால் அமெரிக்காவில் சவர்கிராவுட்டுக்கு ‘சுதந்திர முட்டைக்கோஸ்’ என்று பெயர் மாற்றிப் பார்த்தார்கள். போர் முடிந்தது, பழைய பெயரே நிலைத்தது.

ஸ்லோ குக்கருக்கும் ஒரு குடியேறிகளின் கதை உண்டு. அதை உருவாக்கிய இர்விங் நாக்சன் யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். யூதர்களின் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் லித்துவேனியாவில் முந்தைய மாலையே இறைச்சியும் பயறும் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்களாம். தணல் ஆற ஆற இரவு முழுவதும் அது வேகும். தாயார் சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் நாக்சனுக்கு யோசனை பிறந்தது. அவருக்கு 1940ல் காப்புரிமை கிடைத்தது. 1971ல் ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பிறகு வேலைக்குப் போகும் பெண்கள் பலரின் சமையலறையில் அது இடம்பிடித்தது.

உப்பு செய்யும் வேலை

சவர்கிராவுட்டில் வினிகர் சேர்ப்பதில்லை. மெல்லியதாக நறுக்கிய ஒரு கிலோ முட்டைக்கோஸில் 20 முதல் 25 கிராம் உப்பைப் போட்டுப் பிசைந்தால் இலையில் உள்ள நீர் வெளியே வரும். அந்த நீரிலேயே முட்டைக்கோஸ் மூழ்கியிருக்கும்படி அழுத்தி வைக்க வேண்டும். காற்றுப் படாத அந்த உப்புநீரில் கெடுக்கும் கிருமிகள் பெருகுவது கடினம். இலையில் இயற்கையாகவே உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகும். முதலில் லியூகோநாஸ்டாக் வகை வேலையைத் தொடங்குகிறது. அமிலம் கூடியதும் அதைத் தாங்கக்கூடிய லாக்டோபேசில்லஸ் வகை பொறுப்பேற்கிறது. 20 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிரில் இதற்குச் சில வாரங்கள் ஆகும்.

லியூகோநாஸ்டாக் நமக்கும் புதியதன்று. இட்லி மாவைப் பொங்கவைப்பதிலும் கிம்ச்சியைப் புளிக்கவைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

எதை எப்போது போடுவது?

நால்வருக்கு நாங்கள் எடுத்துக்கொண்டவை: சவர்கிராவுட் 800 கிராம், உருளைக்கிழங்கு 500 கிராம், ஒரு பெரிய வெங்காயம், ஓர் ஆப்பிள், ஒரு தேக்கரண்டி கேரவே விதை, இரண்டு பிரியாணி இலை, ஒரு குவளை காய்கறிச் சாறு, ஹலால் சான்றிதழ் பெற்ற, ஏற்கெனவே வேகவைத்துப் புகையூட்டிய கோழி சாசேஜ் 300 கிராம். கேரவே பார்ப்பதற்குச் சீரகம்போல இருக்கும்; வாசம் வேறு. சவர்கிராவுட்டில் பொதுவாக முட்டைக்கோஸும் உப்பும்தான் இருக்கும். சில வகைகளில் ஒயின் சேர்ப்பதுண்டு என்பதால் ஒட்டுத்தாளைப் படித்துவிட்டே வாங்கினோம்.

பல சமையல் குறிப்புகள் எல்லாவற்றையும் காலையிலேயே பானையில் கொட்டச் சொல்கின்றன. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. காய்களின் அணுக்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது கரைந்தால்தான் காய் மென்மையாகும். அமிலம் அந்தக் கரைதலைத் தாமதப்படுத்துகிறது. புளி விதியின் அறிவியல் இதுதான். எனவே உருளைக்கிழங்கைத் தனியே உப்புநீரில் முக்கால் பதம் வேகவைத்து வடித்தோம். அதன் பிறகே சவர்கிராவுட், வெங்காயம், ஆப்பிள் ஆகியவற்றோடு பானையில் சேர்த்து, குறைந்த வெப்பத்தில் நான்கு மணி நேரம் விட்டோம். ஆப்பிள் குழைந்து புளிப்பைச் சற்றே தணித்தது.

சாசேஜை மட்டும் கடைசிவரை போடவில்லை. ஸ்லோ குக்கரின் உண்மையான பலன் கடினமான இறைச்சித் துண்டுகளில்தான் தெரியும். அவற்றில் உள்ள கொலாஜன் மெதுவாகக் கரைய நேரம் வேண்டும். ஏற்கெனவே வெந்த சாசேஜுக்கு அது தேவையில்லை. நான்கு மணி நேரம் ஆனதும் சைவ நண்பருக்கான பங்கைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்தோம். பிறகு சாசேஜைப் போட்டு, அதிக வெப்பத்தில் இன்னும் ஒரு மணி நேரம் வைத்தோம். புகை வாசமும் கொழுப்பும் முட்டைக்கோஸில் இறங்கின. சைவத் தட்டில் வறுத்த வேர்க்கடலையும் மிளகாய்த் தாளிப்பும் சேர்ந்தன. நான்கு தட்டுகளும் ஒரே பானையிலிருந்து நிரம்பின. யாரும் யாருக்காகவும் தங்கள் உணவு நெறியை விட்டுக்கொடுக்க நேரவில்லை.

கவனிக்க வேண்டியவை

உறைந்த இறைச்சியை அப்படியே ஸ்லோ குக்கரில் போடக்கூடாது. 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைந்த இறைச்சி அந்த இடைவெளியில் நெடுநேரம் தங்கிவிடும். பச்சைக் கோழி சாசேஜ் என்றால் அதன் உட்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தால் சேர்ந்த வெப்பம் போய்விடும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடுத்த வேளை அடுப்பில் கொதிக்கவைத்தே உண்ண வேண்டும்.

சிவப்புக் காராமணி எனச் சிலர் அழைக்கும் ராஜ்மாவை ஊறவைத்து நேராக ஸ்லோ குக்கரில் போடுவதும் ஆபத்து. அதிலுள்ள நச்சுப்பொருள் குறைந்த வெப்பத்தில் அழியாது. முதலில் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்தாக வேண்டும்.

சமைத்த சவர்கிராவுட்டில் நல்ல பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்காது. பதப்படுத்தாத வகை கிடைத்தால் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்துப் பரிமாறும்போது மேலே தூவலாம். உப்பு அதிகம் என்பதால் வேறு உப்பு தேவையில்லை.

வெளிநாட்டில் படிக்கப் போகும் மாணவர்கள் பலர் அம்மாவிடம் சமையல் குறிப்புகளை எழுதி வாங்கிச் செல்கிறார்கள். அடுத்த முறை அளவுகளோடு, “ஏன் இதை முதலில் போட வேண்டும், ஏன் அதைக் கடைசியில்?” என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புளியும் கத்தரிக்காயும் கிடைக்காத ஊரிலும் அந்தக் காரணங்கள் உதவும்.