கொதிநீரில் நண்டு ஏன் சிவக்கிறது?

மீஞ்சூர் மீன் கடையில் நீலக்கால் நண்டு வாங்கிச் சமைத்தவர்களுக்குத் தெரியும்: சட்டியில் போட்ட சில நிமிடங்களில் நீலம் போய் ஓடு செக்கச்செவேலென்று ஆகிவிடும். மிளகாய் சேர்க்காமல் வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைத்தாலும் அப்படித்தான். அந்தச் சிவப்பு முதலிலிருந்தே ஓட்டுக்குள் இருக்கிறது. அதன் பெயர் அஸ்டாக்சாந்தின். நண்டால் அதை முழுக்கத் தானே உண்டாக்க முடியாது. அதுவோ அதன் மூலப்பொருளோ பாசியில் உருவாகி, இரை வழியாக வந்து சேர்கிறது.

ஓட்டிலுள்ள கிரஸ்டாசயனின் என்ற புரதம் இந்த நிறமியைத் தன் குழிக்குள் இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடியில் நிறமி ஒளியை உறிஞ்சும் விதமே மாறி, சிவப்பு நீலமாகத் தெரிகிறது. சூடேறினால் புரதத்தின் மடிப்பு அவிழ்கிறது, பிடி விட்டுப்போகிறது. சங்கிலி அறுவதில்லை, வடிவம்தான் குலைகிறது. புரதத்துக்கு வடிவம் போனால் வேலையும் போயிற்று.

இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான் புரதம். கோத்த வரிசையே மடிப்பைத் தீர்மானிக்கிறது என்று காட்டியவர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன். அவர் அவிழ்த்துவிட்ட ரைபோநியூக்ளியேஸ் தானாகவே மீண்டும் மடிந்தது. 1972-ல் அவருக்கு நோபல் பரிசு. வெந்த நண்டு ஆறினாலும் நீலம் திரும்பாததற்குக் காரணம், அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதுதான்.

நம் ரத்தத்தில் வைட்டமின் ஏ-யைச் சுமக்கும் புரதம் கிரஸ்டாசயனினுக்குத் தூரத்து உறவு. இரண்டும் லிப்போகாலின் குடும்பம். பரிணாமத்தில் அமினோ அமில வரிசை வெகுவாக மாறிவிட்டது. நடுவில் குழியுள்ள பீப்பாய் வடிவம் மட்டும் நிலைத்துவிட்டது.

சங்கிலி இஷ்டத்துக்கு மடிய முடியாது. ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் இரண்டு பிணைப்புகள் திரும்பலாம். ஆனால் பெரும்பாலான கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும். எந்தக் கோணங்கள் சாத்தியம் என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் கணக்கிட்டு 1963-ல் வெளியிட்டார்கள். உலகம் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்கிறது. பீப்பாயின் சுவராக நிற்கும் பீட்டா இழைகள் அதில் இடது மேல் மூலையில் விழும். நம் ஊரில் பிறந்த அறிவியலில் இதைவிடப் பரவலாகப் பயன்படுவது குறைவு என்றே நினைக்கிறேன்.

ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல், வரிசையைக் கொண்டே இருபது கோடிப் புரதங்களின் வடிவத்தைக் கணித்தது. அதை உருவாக்கியவர்களுக்கு 2024-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஆய்வகத்தில் கண்டதோ கணினி கணித்ததோ, ஒரு புரத வடிவம் சரிதானா என்று சோதிக்க ஆய்வாளர்கள் இன்றும் அந்த 1963 வரைபடத்தில்தான் வைத்துப் பார்க்கிறார்கள்.