வீட்டுக்கு இரண்டாவது கார்: விலையை மட்டும் பார்த்து வாங்கலாமா?

ஒரு வீட்டுக்கு ஒரு கார் போதும் என்ற கணக்கு ஸ்காபரோவில் வாழும் எம்மவர் பலருக்கு இப்போது ஒத்துவருவதில்லை. கணவர் இரவு வேலைக்கென மார்க்கத்திலோ ஏஜக்ஸிலோ உள்ள பண்டகசாலைக்குக் காரைக் கொண்டுபோய்விட, மனைவி விடியற்காலை ஐந்து மணிக்கு முதியோர் இல்லத்து வேலைக்காகப் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமையாயின் சுரங்க ரயில் ஓடத் தொடங்குவதே காலை எட்டு மணியளவில்தான். 1985 முதல் ஓடிவந்த ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் 2023 ஜூலை 24 அன்று தடம் புரண்டதோடு நிரந்தரமாக நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகப் பஸ்களே ஓடுகின்றன. இந்நிலையில் "இன்னொரு சின்னக் கார் இருந்தால் நல்லது" என்ற பேச்சு எழாத வீடு குறைவு.

முதலாவது காரை வாங்கும்போது நாலு பேரிடம் கேட்டு, நல்ல நாளும் பார்த்து வாங்கும் நாம், இரண்டாவது காரை மட்டும் சீட்டெடுத்த கையோடு, யாரோ தெரிந்தவர் விற்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிவிடுகிறோம். மலிவுதானே என்ற எண்ணம். ஆனால் மலிவான காரின் விலை, அதற்காக நாம் கொடுக்கும் காசின் ஒரு பங்கு மாத்திரமே. ஐயாயிரம் டொலருக்கு ஒரு கார் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதின்மூன்று வீத வரி 650 டொலர். காப்புறுதி மாதம் 200 டொலராக இருந்தால் இரண்டு ஆண்டுகளில் 4,800 டொலர். ஏறத்தாழ இன்னொரு காரின் விலை. ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓடும் கார், நூறு கிலோமீற்றருக்கு 8 லீற்றர் குடித்தால் 1,200 லீற்றர் பெற்றோல் வேண்டும். 11 லீற்றர் குடிக்கும் பெரிய வாகனத்துக்கு 1,650 லீற்றர். இந்த 450 லீற்றர் வித்தியாசத்தை இன்றைய பெற்றோல் விலையாற் பெருக்கிப் பார்ப்பது பிள்ளைகளுக்கும் நல்ல கணக்குப் பயிற்சி.

ஆகவே காரைப் பார்க்கப் போகுமுன் காப்புறுதியைப் பார்க்க வேண்டும். விற்பவரிடம் காரின் பதினேழு எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் காப்புறுதி முகவரிடமும் வேறு இரண்டு நிறுவனங்களிடமும் கொடுத்துக் கட்டணம் கேளுங்கள். ஒரே வீதியில், ஒரே வயதுக் கார்கள் இரண்டுக்குக்கூடக் கட்டணம் வேறுபடும். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, பல்கலைக்கழகம் செல்லும் மகனுக்கென்று பளபளவென்றிருந்த ஐரோப்பியக் கார் ஒன்றை மலிவாக வாங்கியது. நான்கு மாதம் கட்டணம் செலுத்திப் பார்த்தார்கள். பின்னர் அந்தக் கார் தொடர்மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்திலேயே நின்றது. மகன் மீண்டும் பஸ்ஸில் போனான்.

இவ்விடத்தில் எம்மவரிடையே பரவியுள்ள ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஜி-2 அனுமதிப்பத்திரம் உள்ள மகன் நாள்தோறும் ஓட்டும் காரை, தகப்பனே ஓட்டுவதாகச் சொல்லிக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்வது கெட்டித்தனம் என்று கருதப்படுகிறது. விபத்து நடவாதவரை அது கெட்டித்தனமாகவே தோன்றும். நடந்தபின் நிறுவனம் விசாரிக்கும். உண்மைக்கு மாறான தகவல் கொடுக்கப்பட்டதென்று கண்டால் இழப்பீட்டை மறுக்கும். அடுத்து எந்த நிறுவனத்திடம் போனாலும் அந்தக் கறை கூடவே போகும். காரை யார் பெரும்பாலும் ஓட்டுகிறாரோ அவரையே முதன்மைச் சாரதியாகப் பதிய வேண்டும்.

மனைவி ஓட்டப்போகும் காருக்கும் இதுவே பொருந்தும். அவரது பெயரில் அது பதியப்படுவதில் கட்டணத்துக்கும் அப்பாற்பட்ட நன்மை ஒன்று உண்டு. சாரதியாகக் காப்புறுதி பெற்ற ஆண்டுகள் அவரவர் பெயரிலேயே சேர்கின்றன. பதினைந்து ஆண்டு கார் ஓட்டியும், கணவர் காலமான பின்போ பிரிந்த பின்போ தம் பெயரில் எந்த வரலாறும் இல்லாமற் புதிய சாரதியைப்போல் நிற்க நேர்ந்த பெண்கள் எம்மிடையே உள்ளனர். இரண்டாவது கார் அவருக்கென்றுதான் வாங்கப்படுகிறதென்றால் ஏன் அவர் பெயரில் இருக்கக்கூடாது?

விலை குறைந்த பழைய காருக்கு எல்லாவகைக் காப்பும் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் பிழையால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பை விட்டுவிடலாம். காரின் அன்றைய பெறுமதியில் உங்கள் பங்கைக் கழித்தபின் கிடைப்பது அற்பமே. ஆனால் மற்றவரின் பிழையால் உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கான காப்பு வேறு. 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து ஒன்ராறியோவில் அதனையும் வேண்டாமென்று சொல்ல இடமளிக்கப்பட்டுள்ளது. கட்டணத்திற் சிறிது குறையும். ஆனால் பின்னால் வந்து மோதியவர் முழுப் பிழைகாரராக இருந்தாலும் உங்கள் காருக்கு ஒரு சதமும் வராது. அந்தக் காரில்லாமல் வேலைக்குப் போக முடியாதவர்கள் இதற்குச் சம்மதித்துக் கையெழுத்திடக் கூடாது.

எந்தக் கார்?

கலியாண வீட்டு வாசலில் நிறுத்தும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டுமென்ற ஆசையை முதலாவது காரோடு முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது காருக்குரிய இலட்சணம் வேறு: எந்தக் கராஜிலும் திருத்தக்கூடியதாக, உதிரிப்பாகம் மலிவாக, குளிர்காலக் காலையில் ஒரே தடவையில் எஞ்சின் இயங்குவதாக இருத்தல் வேண்டும். ரொயோற்றா கொறோலா, யாரிஸ், ஹொண்டா சிவிக், ஃபிற், மஸ்டா 3 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. கொறோலா 1988 இலிருந்து 2019 வரை இந்த ஒன்ராறியோவின் கேம்பிறிட்ஜ் நகரிலேயே செய்யப்பட்டது. சிவிக் அலிஸ்ரனிற் செய்யப்படுகிறது. ஊரெங்கும் நிறைந்த கார்களாதலால் பழைய கார்களை உடைக்கும் இடங்களில் இவற்றின் உறுப்புகளுக்குப் பஞ்சமில்லை.

இவற்றின் நற்பெயரை விற்பவர்களும் அறிவார்கள். பெயருக்காகவே ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கூட்டிக் கேட்பார்கள். அதிகம் பேசப்படாத ஒரு கார் உண்டு: பொன்ரியாக் வைப். 2003 முதல் 2010 வரை வந்த இக்கார், ரொயோற்றா மற்றிக்ஸின் உடன்பிறப்பு. ஜெனரல் மோட்டர்ஸும் ரொயோற்றாவும் கூட்டாக நடத்திய கலிபோர்னியாத் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. மற்றிக்ஸ் கேம்பிறிட்ஜிற் செய்யப்பட்டது. இரண்டுக்கும் ஒரே ரொயோற்றா எஞ்சின். பொன்ரியாக் என்ற பெயரையே ஜெனரல் மோட்டர்ஸ் 2010 உடன் கைவிட்டதால் பலர் இதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை, விலையும் குறைவு. 1.8 லீற்றர் எஞ்சின் உள்ளதைத் தேடுங்கள். பின்னிருக்கையை மடித்தால் முழுத்தளமும் கடினமான பிளாஸ்ரிக்கால் ஆன சமதரையாகிவிடும். அரிசி மூட்டையும் ஏற்றலாம், மிருதங்கமும் ஏற்றலாம். இப்போது இவை யாவும் பதினைந்து வயதைக் கடந்தவை என்பதால், எஞ்சினைவிடக் கறளே இவற்றின் எதிரி.

நல்ல பெயர் எல்லா ஆண்டுக்கும் பொருந்தாது. 2006 முதல் 2008 வரையான சிவிக் கார்கள் சிலவற்றில் எஞ்சின் உடலிலேயே வெடிப்பு ஏற்பட்டுக் குளிர்நீர் கசிந்தது. அதற்கென ஹொண்டா நீடித்துக் கொடுத்த உத்தரவாதமும் காலங்கடந்துவிட்டது. முதற் தலைமுறை மஸ்டா 3 ஓட்டத்திற் குறையில்லாதது. ஆனால் பின்சில்லுகளின் மேல்வளைவு கறள்பிடித்து உதிர்வது பெயர்பெற்றது. நிசானின் சி.வி.ரி. எனப்படும் கியர்ப்பெட்டி தொடர்பாக அமெரிக்காவில் வழக்குகளே நடந்தன. பழைய நிசான் மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று முதலிற் கேட்க வேண்டும்.

2021, 2022 ஆம் ஆண்டுகளில் நுண்சில்லுத் தட்டுப்பாட்டாற் புதிய கார்களின் வரவு குறைந்து, பாவித்த கார்களின் விலை எகிறியது நினைவிருக்கலாம். அதற்கு முந்திய காலத்து விலையை மனத்தில் வைத்துக்கொண்டு தேடுபவர்களே வீதியோர வியாபாரிகளிடம் இலகுவில் அகப்படுகிறார்கள்.

பத்திரங்கள்

தனியார் ஒருவரிடம் வாங்கும்போது, பாவித்த வாகனத் தகவற் கோவையை விற்பவரே சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலர் கட்டி எடுத்துத் தர வேண்டும். இது சட்டம், உபகாரமன்று. காரை இதுவரை யார் யார் வைத்திருந்தார்கள், அதன்மேற் கடன் உண்டா என்பன அதில் இருக்கும். கடன் தீராத காரை வாங்கினால், கடன் கொடுத்த நிறுவனம் உங்கள் வீட்டு வாசலில் வந்து காரை இழுத்துக்கொண்டு போகலாம். விற்றவர் ஊரவராக இருப்பது அதனைத் தடுக்காது. கோவையில் உள்ள பெயரும் விற்பவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "என் நண்பருடைய கார், அவர் ஊருக்குப் போய்விட்டார்" என்பவர் பெரும்பாலும் உரிமமில்லாத வியாபாரியே. பத்திரத்தில் "சல்வேஜ்", "றீபில்ற்" என்ற சொற்கள் உண்டா என்றும் பாருங்கள். முழுச் சேதமடைந்ததென்று கழிக்கப்பட்ட காருக்கு 2003 முதல் இங்கே இவ்வாறு குறியிடப்படுகிறது.

உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால் பாதுகாப்பு அதிகம். விளம்பரத்திற் போட்ட விலையில், வரியும் பதிவுக் கட்டணமும் தவிர, எல்லாக் கட்டணங்களும் அடங்கியிருக்க வேண்டும். விபத்தாற் பழுதுபார்த்த செலவு 3,000 டொலரைக் கடந்திருந்தால் சொல்ல வேண்டும். முன்பு ரக்ஸியாகவோ நாள் வாடகைக் காராகவோ ஓடியதை மறைத்தால் 90 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஆனால் மனம் மாறிவிட்டது என்று மறுநாள் திருப்பிக் கொடுக்க முடியாது. அப்படி ஓர் அவகாசம் உண்டென்று எம்மவர் பலர் நம்புகின்றனர், அது இல்லை. கடன் வரலாறு இல்லாதவருக்கும் கடன் தருவோம் என்ற விளம்பரங்களையிட்டு எச்சரிக்கையாயிருங்கள். 2025 ஜனவரி முதல் கனடாவிற் சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி ஆண்டுக்கு 35 வீதம். அதற்குச் சற்றுக் கீழே நிற்கும் வட்டியும் சட்டபூர்வமானதே! சிறிய காரைக் கைக்காசுக்கு வாங்குவதே நன்று.

வரியைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதும் தந்திரமும் பயனற்றது. எழுதிய விலை, வாகன விலைப் புத்தகத்தில் உள்ள மொத்த விலை ஆகிய இரண்டில் எது கூடவோ அதற்கே வரி. பின்னர் வழக்கு வந்தால், நீங்கள் கொடுத்த காசுக்குச் சாட்சி அந்தக் குறைந்த தொகை மட்டுமே. பெற்றோர், பிள்ளை, கணவன், மனைவி ஆகியோரிடையே கார் அன்பளிப்பாகக் கைமாறினால் சத்தியக் கூற்றுடன் வரிவிலக்கு உண்டு. சித்தப்பாவுக்கு இல்லை.

காரைப் பார்க்கும் நாள்

பகலிற் போங்கள். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாமென்று முன்னரே சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் எழும்பும் ஓசையிலேயே பாதி விடயம் தெரியும். குனிந்து காரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இங்கே வீதிகளிற் கொட்டப்படும் உப்பு, கதவுகளின் கீழ் ஓரத்தையும் பிறேக் குழாய்களையும் தின்றுவிடும். அடிப்பக்கம் முழுவதும் புதிதாகக் கறுப்பு மை பூசப்பட்டிருந்தால் மகிழ வேண்டாம். அதன் கீழ் என்ன இருக்கிறதென்று கேளுங்கள். பின்பெட்டியில், மேலதிகச் சில்லை வைக்கும் குழியின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். 2024 ஜூலை 16 அன்று பெய்த மழையில் ரொறன்ரோவிற் கார்கள் நீரில் மூழ்கின. சேறும் ஈரமணமும் அந்தக் குழியில்தான் தங்கும்.

பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறதென்று சொல்வார்கள். அது 36 நாட்களுக்குச் செல்லும். பிறேக், ரயர், விளக்கு, கறள் முதலியவை குறைந்தபட்ச அளவுக்கு உண்டென்பதை மட்டும் சொல்லும். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் அடுத்த மாதமும் உழைக்குமா என்பதை அது சொல்வதில்லை. விற்பவர் காட்டும் கராஜுக்கு அல்லாமல் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஒரு நாட்கூலி அளவான கட்டணத்தைக் கொடுத்துப் பரிசோதியுங்கள். காரின் கணினியையும் வாசிக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கை விளக்கை அணைப்பதற்காகப் பிழைக்குறிப்புகளை முதல்நாள் அழித்திருந்தால் அதுவும் அங்கே தெரிந்துவிடும். பரிசோதனைக்கு விற்பவர் மறுத்தால் நன்றி சொல்லி வீட்டுக்கு வாருங்கள்.

எல்லாம் சரியென்று வாங்கினால், இலக்கத்தகடு விற்றவருக்கே உரியது, அவர் கழற்றிக்கொள்வார். ஆறு நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்; காப்புறுதி தொடங்காமல் ஒரு தெருவும் ஓட்டக் கூடாது. குளிர்கால ரயர் போட்டால் முகவரிடம் சொல்லுங்கள். 2016 முதல் அதற்குக் கட்டணக் கழிவு கொடுக்க நிறுவனங்கள் கடமைப்பட்டுள்ளன. காசை எண்ணிக் கொடுக்குமுன் இரண்டாவது திறப்பையும் கேட்டு வாங்குங்கள். இக்காலத் திறப்புகளுக்குள் மின்னணு வில்லை உண்டு. ஒன்று மட்டும் தந்து மற்றது தொலைந்ததென்பாராயின், புதிய திறப்புக்கான செலவை விலையிற் கழிக்கச் சொல்லுங்கள்.